தும்பிக்கு ஏது கை?

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் புதிர்தான் என் துணை. போன வாரம் ஒரு குறிப்பு: 'யானை', மூன்று எழுத்து. களிறு, வேழம் இரண்டும் உட்காரவில்லை, நடுக்கட்டத்தில் 'ம்'. விடை 'தும்பி'யாம். யார் யானையைத் தும்பி என்கிறார்கள்? அகராதி பார்த்துப் போடுவது ஏமாற்று வேலை இல்லையா? ஆங்கிலப் புதிரில் இருக்கும் நேர்த்தி தமிழில் ஏன் இல்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் ஆரம்பித்து வைத்தது, அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம். தமிழில் போடுகிறவர் பாடு வேறு. அந்த 'ம்' கட்டத்தில் எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது, மேலிருந்து கீழே வரும் சொல்லுக்கும் அது நடுவிலோ கடைசியிலோதான் விழ வேண்டும். ஒரு நாள் நீங்களே கட்டம் போட்டுப் பாருங்கள், அப்புறம் நேர்த்தி பற்றிப் பேசலாம்.

ஆனால் 'யார் தும்பி என்கிறார்கள்' என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. நீங்கள்தான் சொல்கிறீர்கள்! தும்பிக்கை என்று சொல்லாமலா இத்தனை வருஷம் பிள்ளையாரைக் கும்பிட்டீர்கள்? வண்டுக்கா அவ்வளவு பெரிய கை?

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். கண் மங்கிய பிறகு புதிர்க் குறிப்புகளை நான் வாசிப்பேன், அவர் விடை சொல்வார். எத்தனை எழுத்து என்று கேட்கவே மாட்டார், "ரெண்டாம் எழுத்து என்னடா?" என்பதுதான் முதல் கேள்வி. முதல் எழுத்து தெரியும் தாத்தா என்றாலும், "அது கிடக்கட்டும்." கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வாய்க்குள் ஏதோ ராகமாக ஓடும், நடுவில் சட்டென்று நின்று சொல்லைச் சொல்வார்.

நாற்பது வயதில் சூடாமணி நிகண்டை, அதாவது செய்யுளில் அமைந்த அந்தக்காலச் சொற்பொருள் நூலை, புரட்டியபோதுதான் விளங்கியது. அதன் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்கிற பகுதி, எதுகைப்படி அடுக்கியது. ககர எதுகை, மகர எதுகை என்று இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். மனப்பாடம் பண்ணுவதற்காகச் செய்த ஏற்பாடு. மற்ற தொகுதிகளில் விலங்குக்கு ஓரிடம், மரத்துக்கு ஓரிடம், யானை என்றால் அதன் பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். இன்றைய அகராதியில் சொல் தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும், உங்கள் புதிர் பொருளைக் கொடுத்துச் சொல்லைக் கேட்கிறது. தாத்தா தலைக்குள் இருந்தது அந்த இரண்டாவது வழி. இதில் எதை ஏமாற்று என்பீர்கள்? தாராளமாகப் பாருங்கள், நிகண்டையும் பாருங்கள்.

அவரும் தோற்பார். 'கிரிக்கெட்டில் ஓட்டமில்லாத பந்துவீச்சு' என்று ஒரு குறிப்பு வந்தால் முகம் சுருங்கிவிடும். "இதெல்லாம் நீயே எழுதிக்கோ" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.