பரம்பரைக்கு அத்தாட்சி கேட்டவர்கள்

கேள்வி: யானைத் தந்தத்தைத் தொட்டாலே குற்றம் என்கிறோம். அலாஸ்காப் பழங்குடியினர் மட்டும் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் பொம்மை செதுக்கி விற்கலாமாமே! ஊருக்கொரு நியாயமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: விற்கலாம் என்பதைப் படித்த நீங்கள், நிபந்தனைகளைப் படிக்கவில்லை. அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டு கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, வேட்டையாடுபவர் அலாஸ்காக் கரையோரம் குடியிருக்கும் பழங்குடியாக இருக்க வேண்டும். கொன்றதை வீணாக்கக் கூடாது. கைவேலையாகத்தான் செய்ய வேண்டும். ஒன்றைப் பார்த்து நூறு செதுக்கித் தள்ளும் எந்திரத்துக்கு அனுமதி இல்லை. அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவிலுள்ள சவூங்கா கிராமத்தில் வால்ரஸ் முதலில் சாப்பாடு. தோல் படகுக்கு. தந்தம் செதுக்குபவர் கைக்கு. தந்தத்துக்காக மட்டுமே யானையைச் சாய்த்த கூட்டத்தோடு இவர்களைச் சேர்ப்பானேன்?

என் கோபம் வேறு. இந்தச் 'சலுகை'யை அதிகாரிகள் கொடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். 1972-க்கு முன்பே வழக்கமாகச் செய்துவந்த பொருள்தான் அசல் என்று விதி எழுதினார்கள். 1980-களில், பழங்குடிப் பெண் ஒருவர் கடல் நீர்நாய்த் தோலில் தைத்த கரடி பொம்மைகளையும் தொப்பிகளையும் பறிமுதல் செய்தார்கள். வழக்குப் போட்டார், தோற்றார். 1990-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கடல் நீர்நாய்த் தோலில் எதைச் செய்தாலும் அது அசல் ஆகாது, விற்கக் கூடாது என்றார்கள்.

1972-க்கு முன் அப்படித் தைக்கும் வழக்கமே இல்லையாம். சரி, கடல் நீர்நாய்த் தோலில் தைக்கும் பழக்கம் எப்படி அறுந்ததாம்? 18-ஆம் நூற்றாண்டில் வந்த ரஷ்ய உரோம வியாபாரிகள், அலாஸ்காத் தீவுகளின் பழங்குடியான அலூட் மக்களையே கட்டாயப்படுத்தி வேட்டைக்கு அனுப்பித் தோலை அள்ளிக்கொண்டு போனார்கள். விலங்கே அற்றுப்போகும் நிலை வந்தபின், 1911-இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தன. ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, "தைத்த துணி எங்கே?" என்று கேட்ட கதை! நல்லவேளையாக, 1991-இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அரசுக்குத் தோல்விதான்.

இப்போது தலைவலி வேறு திசையில். 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாவின் தந்தத் தடையில் யானையோடு வால்ரஸும் அடக்கம். அலாஸ்காக் கடையில் சட்டப்படி விற்கும் பொம்மையை சான் பிரான்சிஸ்கோவில் விற்றால் சிக்கலோ என்ற பயம். "இதை ஊருக்குக் கொண்டுபோனால் பிடிப்பார்களா?" என்று கேட்டுவிட்டு, சுற்றுலாப் பயணிகள் பொம்மையைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் செதுக்குபவர்கள் புலம்புகிறார்கள். விருதுநகரில் உட்கார்ந்து நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள்?