சங்கிலிக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு. மாத்திரையை நிறுத்திவிட்டு ராத்திரியெல்லாம் தெருவில் அலைகிறான். ஒரு காப்பகத்தில், காலில் சங்கிலி போட்டுத்தான் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியோடு கிடந்தவர்கள் எழுந்து ஓட வழியில்லாமல் 28 பேர் கருகிப்போனார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்கிறது. 'பாதுகாப்புக்குத்தான்' என்ற சமாதானமெல்லாம் எடுபடாது.

சரி, தம்பி வர மறுத்தால்? அவருடைய நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசுபவராக, நீங்கள் எழுதிக் கொடுங்கள். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்து, அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று இருவருமே சொன்னால், 89ஆம் பிரிவின்படி மனநல மருத்துவமனையில் 30 நாள் வரை சேர்க்கலாம். 7 நாளுக்குள், இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், தம்பியே அங்கே முறையிடலாம், வக்கீலும் இலவசம். தெருவில் போலீஸ் கண்டு கூட்டிப்போனாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்று ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416.