கரி பஸ்ஸும் பாம்பன் பாலமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய கார்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினோம். அதற்கு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இருந்து மட்டும் இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மோட்டார் வண்டிக் கேள்விகள் மட்டும்தான்.

எட்டாவது படிக்கும் என் மகன் ஒரு புத்தகத்தில் காரைக் கண்டுபிடித்தவர் கார்ல் பென்ஸ், 1886 என்று படிக்கிறான். இன்னொன்றில் பிரான்ஸ்காரர் ஒருவர் 1769-லேயே ஓட்டிவிட்டார் என்று இருக்கிறது. தேர்வில் எதை எழுதச் சொல்வது?
– ஒரு தாய், தேவிபட்டினம்

தேர்வில் பென்ஸ் என்றே எழுதட்டும் அம்மா. ஆனால் இரண்டும் உண்மைதான், அதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். 1769-ல் ஓட்டியவர் கூன்யோ, பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். பீரங்கி இழுப்பதற்காக அவர் செய்த வண்டிக்கு மூன்று சக்கரம், முன்னால் கல்யாண வீட்டு அண்டா மாதிரி ஒரு கொதிகலன். மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும், கொஞ்ச நேரத்தில் நீராவி தீர்ந்துவிடும், நின்று மறுபடி தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அடுத்து அவர் செய்த வண்டி இன்றும் பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீராவி அத்தோடு போய்விடவும் இல்லை, 1903-ல் நம் சென்னையில் சிம்ப்சன் கம்பெனி கட்டிய காரே நீராவிக் கார்தான்.

பென்ஸ் செய்தது வேறு வேலை. எரிபொருளை இன்ஜினுக்கு உள்ளேயே எரித்து, அந்த இன்ஜினுக்கென்றே ஒரு வண்டியையும் வடிவமைத்தார். 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர், ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. அதே ஆண்டு, அதே ஜெர்மனியில், டைம்லர், மேபாக் என்ற இரண்டு பொறியாளர்களும் ஒரு குதிரை வண்டியில் இன்ஜினை மாட்டி ஓட்டினார்கள். ஆக, ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை இது.

காரை முதலில் நெடுந்தூரம் ஓட்டியது ஒரு பெண் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா?
– வாசகி, கீழக்கரை

நிஜம்தான், எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ், கார்ல் பென்ஸின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தைக் கணவருடைய பட்டறையில் போட்டவர். வண்டிக்குக் காப்புரிமை கிடைத்தும் வாங்க ஆளில்லை, கணவரோ இன்னும் சரி செய்ய வேண்டும், இன்னும் சரி செய்ய வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே இருக்கிறார். 1888 ஆகஸ்ட்டில் ஒரு நாள் காலையில் கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவரை மோட்டார் வண்டி என்றால் ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பதுதான்.

பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாத காலம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் போய், துணிக்கறை நீக்க விற்கிற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். சங்கிலியைச் சரி செய்ய ஒரு கொல்லர் உதவினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை, பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி அடித்தார். திரும்பி வந்தபின், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் சொல்லி, அதையும் சேர்த்தார்கள்.

மோட்டார் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்ஜினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த மருந்துக் கடைக்காரரும் கொல்லரும் செருப்புத் தைத்தவரும் இல்லாவிட்டால் அந்த வண்டி பாதி வழியில் நின்றிருக்கும். எரிபொருள் கிடைக்கிற இடம், ரிப்பேர் பார்க்கிற கை, ஓடுவதற்குச் சாலை, இந்த மூன்றும் வந்த ஊருக்குத்தான் மோட்டார் வந்தது. நம் ஊர்க் கதையும் அதுதான், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ராமேஸ்வரம் தீவுக்கு 1914-லேயே ரயில் வந்துவிட்டது. கார் வர மட்டும் ஏன் 1988 வரை ஆனது?
– வாசகர், தங்கச்சிமடம்

நல்ல கேள்வி. ரயில் மண்டபத்துக்கு 1902-லேயே வந்துவிட்டது. அதைக் கடலைத் தாண்டி இழுத்ததற்கு முக்கியக் காரணம் இலங்கை. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அதன்பின் மறுபடி ரயில், ஒரே டிக்கெட்டில் கொழும்பு. அந்தப் போட் மெயில் ஓட்டத்துக்காகத்தான் 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதைத் திட்டமிட்ட காலத்தில் கார் என்பது ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வைத்திருந்த பொருள். அதற்காகக் கடல் மேல் இன்னொரு பாதை போடலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அதன்பின் மதுரைப் பக்கம் பஸ்களும் லாரிகளும் பெருகின. ஆனால் சாலை மண்டபத்தோடு முடிந்தது. தீவுக்குள் ஒரு லாரி வேண்டுமென்றால் அதையும் ரயிலிலோ படகிலோதான் கொண்டுவந்தாக வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து ரயில் பாலமும் உடைந்தபோதுதான், ஒரே ஒரு பாதையை நம்பி ஒரு தீவே இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நாட்டுக்கே தெரிந்தது. ரயில் பாலத்தை 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் குழு சரி செய்தது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனாலும் சாலைப் பாலத்துக்கு 1974-ல் அடிக்கல் நாட்டி, அது திறந்தது 1988 அக்டோபர் 2. தீவு மக்களை இவ்வளவு காலம் காக்க வைத்திருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். மீனை ஐஸ் போட்டு நேராக லாரியில் ஏற்றி அனுப்ப முடிந்ததே அதன்பிறகுதானே!

எங்கள் தாத்தா காலத்தில் பஸ் அடுப்புக்கரியில் ஓடியது என்பார். லாரி ஓட்டுகிற நானே நம்பவில்லை. கரியைப் போட்டால் இன்ஜின் எப்படி ஓடும்?
– லாரி ஓட்டுநர், உச்சிப்புளி

தாத்தா சொன்னது சத்தியம் அண்ணே. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் ரேஷன், 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனதும் பர்மா எண்ணெயும் நின்றது. (ரங்கூனில் பிழைத்த நம் ஜில்லாக்காரர்கள் எத்தனையோ பேர் காடு மலை கடந்து நடந்தே திரும்பியதும் அந்த வருஷம்தான்.) பஸ்ஸை நிறுத்தவும் முடியாது. அப்போது கை கொடுத்தது கரிவாயு.

கரியை நேராக இன்ஜினில் போடுவதில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் உயரமாக ஒரு இரும்பு உருளை இருக்கும், அதில் மரக்கரியைப் போட்டுப் பற்ற வைத்து, காற்றை அளவாக விடுவார்கள். காற்று குறைவாகக் கிடைக்கும்போது கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிர வைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜினுக்குள் விட்டால் அதே இன்ஜின் ஓடும். மதுரை டிவிஎஸ் கம்பெனியே இந்தச் சாதனத்தைச் செய்து விற்றது.

ஓடியதே தவிர, சுகமாக ஓடவில்லை. இழுவை பெட்ரோலைவிட நன்றாகக் குறைவு, மேடு வந்தால் ஆட்கள் இறங்க வேண்டியதுதான். காலையில் வண்டி கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் வந்து கரியை மூட்டி, கையால் துருத்தி சுற்றி, புகையில் நின்றாக வேண்டும். அந்த வாயு மணமே இல்லாத விஷம், மூடிய கொட்டகையில் மூட்டினால் ஆளையே கொல்லும். போர்க்காலத்தில் நம் பஸ்களை ஓட வைத்தவர்கள் அந்தக் கிளீனர் பையன்கள்தான், அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. தாத்தா இருக்கிறார் என்றால் உட்கார வைத்து எந்த ரூட், எங்கே கரி ஏற்றினார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், அவசியம் போடுகிறோம்.

வல்லத்து இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கை தெறிக்கிறதே, காரிலும் அப்படித்தான் இருந்ததா?
– மீனவர், மூக்கையூர்

அப்படியேதான். இன்ஜின் பின்னால் உதைத்தால் மணிக்கட்டு ஒடியும். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை என்று அப்போதும் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்தபிறகுதான் விடிவு.

பேட்டரி ஆட்டோ வாங்கியிருக்கிறேன். புதுச் சரக்கு, நம்ப முடியாது என்று ஸ்டாண்டில் பயமுறுத்துகிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், மண்டபம்

புதுச் சரக்கே இல்லை தம்பி. 1897-லேயே நியூயார்க்கில் பேட்டரி டாக்ஸி ஓடியது. மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் 1899-ல் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டியது, அதுவும் பேட்டரி வண்டிதான். ஃபோர்டின் மனைவியே பேட்டரி கார் வைத்திருந்தார். அப்புறம் அது ஏன் மறைந்தது என்றால், ஈய பேட்டரி கனம், தூரம் போகாது, ஊருக்கு வெளியே சார்ஜ் போட இடமில்லை. மின் ஸ்டார்ட்டர் வந்து ஹேண்டில் தொல்லையும் தீர்ந்ததும் பெட்ரோல் ஜெயித்துவிட்டது. இன்றைக்கு பேட்டரியே வேறு. உங்கள் ரூட்டில் சார்ஜ் போட இரண்டு இடம் உறுதியாக இருக்கிறதா, உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறீர்களா, இது இரண்டும்தான் முக்கியம்.

ஃபோர்டின் டி மாடல் கார் கறுப்பில் மட்டும்தான் வந்ததா?
– மாணவர், தொண்டி

எல்லா வருஷமும் இல்லை. 1908-ல் வந்தபோது வேறு நிறங்கள் இருந்தன. 1914-ல் இருந்து 1925 வரைதான் கறுப்பு மட்டும், ஏனென்றால் அந்தப் பெயின்ட் மலிவு, நீடித்தும் நிற்கும். தொடக்கத்தில் 850 டாலர் விற்ற கார் 1925-ல் 260 டாலருக்கு இறங்கியது, கன்வேயர் முறையில், அதாவது வண்டி நகர்ந்துகொண்டே வர ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களை மாட்டும் முறையில் கட்டியதால்.