ஆடியோ நண்பர் ஒருவர் தன் வீட்டு செட்டைக் கேட்க வரச் சொல்கிறார். போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போங்கள். புதிதாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் அரை மணி நேரம் கேட்பதைவிட, ஒருவர் வருடக்கணக்கில் புழங்கிய செட்டை அவர் வீட்டிலேயே கேட்பது எவ்வளவோ மேல். ஆனால் உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். அவர் போடும் டெமோ டிராக் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு உச்சிப்புளிப் பக்கம். கீழக்கரையில் ஒரு காக்கா இருக்கிறார் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்). சவுதியில் வேலை பார்த்தபோது வாங்கிய சான்சுயி ஆம்பும் டெக்னிக்ஸ் டர்ன்டேபிளும் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) அவரிடம் இன்னும் ஓடுகின்றன. முதன்முறை போனபோது நாகூர் ஹனிபா இசைத்தட்டை வைத்தார். (ஹனிபா 1925இல் பிறந்தது எங்கள் ராமநாதபுரத்தில்தான்.) பழைய மோனோ பதிவு. மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான், அதனால் குரல் இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். அன்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். காக்கா முகம் சுளிக்கவில்லை. "கடல் காத்து தம்பி" என்று ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் கைவிட்டு இடது சேனல் (இடது ஸ்பீக்கருக்கான ஒலி) ஒயரின் பின்னை உருவினார். பித்தளையில் பச்சைப் பசேலென்று களிம்பு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பனியன் துணியால் பளபளக்கும்வரை துடைத்துச் செருகி, மறுபடி முள்ளை வைத்தார். குரல் நடுவுக்கு வந்து நின்றது.

அப்புறம் நான் கொண்டுபோன தட்டு, முருகபூபதி மிருதங்கம் வாசித்த பழைய கச்சேரி. அவரும் ராமநாதபுரத்துக்காரர். தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) அடி ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்து வலந்தலையை (வலப்பக்கத்தை) மூடிவிட்டது. பார்த்தால் ஸ்பீக்கர் இரண்டும் சுவரோடு ஒட்டியிருந்தன. சுவரும் மூலையும் பாஸை, அதாவது கனத்த அடி ஒலியை, கூட்டிவிடும். இருவருமாக ஒரு முழம் முன்னால் இழுத்தோம். தொப்பி இறுகியது, வலந்தலையில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. பைசா செலவில்லை.

விலை உயர்ந்த கேபிள் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் பின்னையும் அறையையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். கடலோரத்தில் குடியிருந்தால் தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆம்ப் பழுதானால் மதுரைக்குக் கொண்டு வா, சென்னைக்கு அனுப்பு என்பார்கள். கூரியரில் போன என் ஆம்ப் மூலை நசுங்கித் திரும்பி வந்தது. கேட்டால் பேக்கிங் சரியில்லையாம். தெர்மாகோல் வைத்து, மரப்பெட்டியில் ஆணியடித்து அனுப்பியதற்கு இந்தப் பதில்! காக்கா சாலிடரிங் அயர்னோடு உட்காராவிட்டால் அது பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடு இருக்கையில் உட்காரச் சொல்வார், மறுக்காமல் உட்காருங்கள். முதல் பாட்டை அவர் வைத்த வால்யூமிலேயே கேளுங்கள். பாட்டு ஓடும்போது பேச வேண்டாம், விலையும் விசாரிக்க வேண்டாம். குறை தெரிந்தால் "சுமார்தான்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவரால் எழுந்து போய் எதையாவது சரிபார்க்க முடியும்.