கோபாட் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோபாட் (ஆட்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோ கை) வாங்கினால் வேலியே வேண்டாம் என்கிறார்கள். நிஜமா?

பதில்: ரோபோவை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் முனைக் கருவி), தூக்கும் பொருள், வேகம் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. பிசிறு எடுக்காத தகட்டைப் பிடித்திருந்தால் மெதுவாகப் போகிற கோபாட்டும் கையைக் கிழித்துவிடும். நசுங்கிச் சிக்கும் நிலையில் மனிதக் கைக்கு உச்சவரம்பு 140 நியூட்டன்; இடித்துவிட்டு விலகினால் 280. முகத்தருகே ரோபோ வரவே கூடாது. ஸ்பிரிங் வைத்த விசைமானியால், வேலை நடக்கும் அதே வேகத்தில், பொருளோடு சேர்த்து, மோதும் விசையை அளந்துவிடுங்கள்.

கேள்வி: காரணமே இல்லாமல் அடிக்கடி நிற்கிறது. எவ்வளவு விசை பட்டால் நிற்க வேண்டும் என்ற வரம்பைக் கூட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முதலில் பேலோடை, அதாவது ரோபோவில் பதிந்திருக்கும் சுமை எடையைப் பாருங்கள். பல கோபாட்கள் மூட்டு மோட்டார்களின் மின்னோட்டத்தை வைத்துத்தான் மோதலைக் கண்டுபிடிக்கின்றன. கிரிப்பரும் பொருளும் 3.2 கிலோ இருக்க, 2 கிலோ என்று பதிந்திருந்தால், மிச்ச எடையை யாரோ தள்ளுவதாக எடுத்துக்கொண்டு நின்றுவிடும். எடையோடு எடை மையத்தையும் சரியாகக் கொடுங்கள். பொருளைப் பிடித்ததும் ஒரு பேலோடு, விட்டதும் இன்னொன்று என்று புரோகிராமில் மாற வேண்டும். காற்றுக் குழாயோ கேபிளோ இறுக்கமாக இழுத்தாலும் இதே தொல்லைதான். வரம்பைக் கூட்டினால் வீணாக நிற்பது குறையும். ஆள்மேல் மோதும்போதும் தாமதமாகத்தான் நிற்கும்.

கேள்வி: தரையில் வைக்கும் சேஃப்டி ஸ்கேனர் (ஆள் நெருங்குவதைக் கதிரால் உணர்ந்து ரோபோவை நிறுத்தும் கருவி) எவ்வளவு தூரத்திலேயே ஆளைப் பிடிக்க வேண்டும்?

பதில்: ஆள் வினாடிக்கு 1600 மி.மீ. நடப்பதாகக் கொள்ளுங்கள். ஸ்கேனர் உணர்ந்து ரோபோ முழுதாக நிற்க 0.5 வினாடி என்றால் 800 மி.மீ. ஸ்கேனர் கதிர் 200 மி.மீ. உயரத்தில் இருந்தால், நீட்டிய கைக்காக 1120 கூட்டுங்கள். ஆக 1920 மி.மீ., ரோபோ எட்டும் எல்லையிலிருந்து. நிற்கும் நேரத்தை முழு எடை, முழு வேகத்தில் எடுங்கள்; ரோபோ எதையும் தூக்காதபோது அளந்தால் குறைவாகக் காட்டும்.

கேள்வி: ஏஐ கேமரா ஆளை நன்றாகவே அடையாளம் காண்கிறதே. ஸ்கேனர் எதற்கு?

பதில்: வேகத்தை முன்கூட்டியே குறைக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். நிறுத்தும் பொறுப்பு பாதுகாப்புச் சான்று பெற்ற ஸ்கேனரிடமே இருக்கட்டும். எதிர்வெயில், குனிந்த ஆள், புதுச் சீருடை, இவை எல்லாம் கேமராவை ஏமாற்றும்.

கேள்வி: ஆட்கள் ரோபோவை நம்ப மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அளவுக்கு மீறி நம்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய போலித் தீ விபத்துச் சோதனையில், முன்பு தவறாக வழிகாட்டிய ரோபோவின் பின்னாலேயே ஆட்கள் போனார்கள். அதனால் சந்தேகமான பொருளை ரோபோ தானாக முடிவுசெய்யாமல் தனித் தட்டில் வைத்து, விளக்கை எரியவிட்டு, ஆளிடம் விடட்டும். அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நகருமுன் ஒளியால் காட்டட்டும். ஏன் நின்றது என்பது திரையில் தமிழில் வரட்டும்.