டயல்-அப் காலத்தில் வெளிநாடு போனவர்கள் லேப்டாப்பில் இணையத்தை எப்படிப் பிடித்தார்கள்?

கேள்வி இதுதான்: வைஃபை, மொபைல் டேட்டா எல்லாம் வருவதற்கு முன்னால் லேப்டாப்போடு வெளிநாடு போனவர்கள் மெயில் எப்படிப் பார்த்தார்கள், ஓட்டல் அறையில் இருக்கும் தொலைபேசி வயரைச் செருகினால் போதுமா?

செருகினால் போதும் என்றுதான் மோடம் (கணினியின் தகவலை ஒலியாக்கித் தொலைபேசி லைனில் அனுப்பும் கருவி) பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். செருக இடம் கிடைக்க வேண்டுமே! தொண்ணூறுகளில் வேலைக்காக லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நாடு நாடாக அலைந்திருக்கிறேன். பட்ட பாட்டில் முக்கால்வாசி, மோடத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒன்றரை மீட்டரில்தான். அதைத் தாண்டி எதிர்முனை மோடம் கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டால் மீதி வேலை தானாக நடந்துவிடும்.

முதலில் பிளக். லேப்டாப்பில் செருகும் பிசிஎம்சிஐஏ மோடம் கார்டில் ஆர்ஜே-11 என்ற சின்ன ஜாக் இருக்கும். அமெரிக்காவில் அதே கேபிளின் மறுமுனை நேராகச் சுவரில் போய் உட்காரும். பிரிட்டனில் போகாது, அங்கே கொக்கி பக்கவாட்டில் இருக்கிற பிரிட்டிஷ் டெலிகாம் பிளக். பிரான்ஸில் டி வடிவம், இத்தாலியில் தடித்த மூன்று முள், சுவிட்சர்லாந்துக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு இன்னொன்று. ஜெர்மனிக்காரர்கள் ஒரு படி மேலே போய் டிஏஇ என்ற தங்கள் சாக்கெட்டிலேயே எஃப், என் என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள், எஃப் தொலைபேசிக்கு, என் மோடம், ஃபேக்ஸ் போன்றவற்றுக்கு, ஒன்றுக்கானதை இன்னொன்றில் செருக முடியாதபடி வெட்டு மாறி இருக்கும். கோபம் வந்தாலும் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன்தான் ஏமாற்றும். ஆர்ஜே-11இல் நடுவில் இருக்கிற இரண்டு கம்பிகளில் லைன் வரும், பிரிட்டிஷ் சாக்கெட்டில் வருவது 2, 5 என்ற எண்ணுள்ள கம்பிகளில். அதனால் இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்துகிற கேபிளை வாங்கி மாட்டினாலும், உள்ளே கம்பிகள் மாற்றி இணைக்கப்படவில்லை என்றால் டயல் டோன் வராது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், அதுதான் எரிச்சல்.

சில பழைய ஓட்டல்களில் பிளக்கே கிடையாது, தொலைபேசியின் வயர் நேராகச் சுவருக்குள் போய்விடும். அதற்கென்றே பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும், ஒரு முனையில் ஆர்ஜே-11உம் மறுமுனையில் இரண்டு க்ரோகடைல் கிளிப்பும் உள்ள கேபிளும் இருக்கும். படுக்கைக்குப் பின்னால் தவழ்ந்து போய், சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, லைன் வருகிற இரண்டு திருகுகளில் கிளிப்பைக் கடிக்க வைக்க வேண்டும். சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் போல டிசி இருக்கும், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது அறைக்கு போன் அடித்தால் ரிங்குக்காக வரும் ஏசி அதைவிட அதிகம், கையை உதறவைக்கும். வேலை முடிந்ததும் மூடியைப் பழையபடி மாட்டிவிட வேண்டும், இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. உண்மையான ஆபத்து புது ஓட்டல்களில். அறையில் அழகாக ஆர்ஜே-11 ஜாக் இருக்கும், கேபிளும் பொருந்தும், ஆனால் பின்னால் இருப்பது டிஜிட்டல் பிபிஎக்ஸ், அதாவது ஓட்டலுக்குள்ளேயே இருக்கும் தனி எக்ஸ்சேஞ்ச். அந்த ஜாக்கில் வருவது சாதாரண அனலாக் லைன் கிடையாது, மோடம் தாங்குகிற அளவைவிடக் கூடுதலான மின்னோட்டம் அதில் வரலாம், செருகிய மாத்திரத்தில் மோடம் கார்டு கருகிப் போகலாம். ரிசப்ஷனில் கேட்டால், "எங்களுடையது முழுக்க டிஜிட்டல் சார்" என்று பெருமையாக வேறு சொல்வார்கள். இதற்காகவே கட்டைவிரல் அளவில் லைன் டெஸ்டர் விற்றார்கள். முதலில் அதைச் செருகிப் பார், பச்சை எரிந்தால் மோடத்தைச் செருகு, சிவப்பு எரிந்தால் கையை எடு. பயணத்துக்காக வாங்கிய சாமான்களிலேயே காசுக்கு வஞ்சனை செய்யாதது அதுதான் என்பது என் கட்சி.

சிவப்பு எரிந்துவிட்டது, இனி என்ன? ஃபேக்ஸ் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். எவ்வளவு நவீனமான ஓட்டலாக இருந்தாலும் ஃபேக்ஸுக்கு ஒரு அனலாக் லைன் விட்டே ஆக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் அறையில், ஃபேக்ஸின் கேபிளை உருவி மோடத்தில் மாட்டி, காகிதக் கட்டுகளின் மேல் லேப்டாப்பை வைத்து மெயில் இறக்கியிருக்கிறேன். ஊழியர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை "முடிஞ்சுதா?" என்கிற மாதிரி பார்ப்பார். பாவம், எந்த விருந்தினருக்காவது ஃபேக்ஸ் வந்து லைன் எங்கேஜாக இருந்தால் திட்டு அவருக்குத்தானே.

சரி, லைன் கிடைத்துவிட்டது. இப்போது மோடம் "நோ டயல்டோன்" என்று சொல்லும். காதில் வைத்தால் டோன் கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை. காரணம், அமெரிக்காவுக்காகச் செய்த மோடம் விடாமல் ஒலிக்கிற டோனை எதிர்பார்க்கும், இத்தாலியில் அது விட்டு விட்டு ஒலிக்கும், ஓட்டல் எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்திருக்கும். ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளையை மோடம் அமைப்பில் சேர்த்துவிட்டால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், விண்டோஸில் இதற்கு ஒரு டிக்கை எடுத்துவிட்டாலே போதும். அப்புறம் வெளி லைனுக்கு 9 அல்லது 0, அதன் பின் ஒரு கமா. ஒரு கமா என்றால் இரண்டு விநாடி நிறுத்தம், சோம்பேறி எக்ஸ்சேஞ்ச் என்றால் மூன்று கமா போடு. ஆபரேட்டர் வழியாகத்தான் வெளியே பேச முடியும் என்கிற இடங்களில் எண்ணை அவரிடம் சொல்லிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்திருந்து, எதிர்முனை கீச்சிட்டவுடன் மோடத்துக்குக் கட்டளை கொடுத்து ரிசீவரை வைக்க வேண்டும். இது பழக்கத்தில்தான் வரும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, பேசும்போது கட்டணத்தைக் கணக்கிட லைனிலேயே 16 அல்லது 12 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு வரலாம். மனிதக் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது, மோடம் தடுமாறி இணைப்பை விட்டுவிடும். நடுவில் ஒரு ஃபில்டர் மாட்டினால் தீரும்.

எந்த எண்ணுக்கு டயல் செய்வது என்பது அடுத்தது. சொந்த ஊர் இணைய நிறுவனத்துக்கே சர்வதேச அழைப்பு போட்டால் ஓட்டல் பில் அறை வாடகையைத் தாண்டும். அதனால்தான் கம்ப்யூசர்வ், ஐபிஎம் குளோபல் நெட்வொர்க் மாதிரி பல நாடுகளில் உள்ளூர் எண் வைத்திருந்தவர்களுக்கு மவுசு. 1996 வாக்கில் ஐபாஸ் போன்றவை வந்து, உள்ளூர்க் கணக்கை வைத்தே வேறு நாட்டு நிறுவனத்தின் எண்ணில் நுழைய வழி செய்தன. எண் பட்டியலைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ள வேண்டும், இணையத்தில் இருக்கிறதே என்று விட்டால் இணையத்துக்குப் போக எண் வேண்டும், எண்ணுக்கு இணையம் வேண்டும்.

14.4 கிலோபிட் மோடத்தில் 1 எம்பி இறங்கப் பத்து நிமிஷம் ஆகும். லைன் சுத்தமாக இருந்தால்தான் அதுவும். அலுவலகத்திலிருந்து எவராவது படங்கள் நிறைந்த பிரசன்டேஷனை "உங்கள் பார்வைக்கு" என்று அனுப்பிவிட்டால் தீர்ந்தது, அது இறங்கி முடியும்வரை வரிசையில் பின்னால் நிற்கும் மெயில் எதுவும் வராது. யூடோரா என்ற மெயில் மென்பொருளில் பெரிய மெயில்களைத் தவிர்த்துவிடும் வசதி இருந்தது, நான் அந்த மென்பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அது ஒன்றே போதும். பதில்களை எல்லாம் இணைப்பு இல்லாமலே எழுதி வைத்து, டயல் செய்து, அனுப்பி, இறக்கி, உடனே துண்டிப்பதுதான் அன்றைய நடைமுறை.

பொதுத் தொலைபேசியில் வேலை நடக்க வேண்டும் என்றால் அக்கூஸ்டிக் கப்ளர், ரிசீவரின் இரண்டு முனையிலும் ரப்பர் கிண்ணங்களை அழுத்தி பட்டையால் கட்டுவது. நிருபர்கள் இதை எங்களுக்கு வெகு முன்னாலேயே செய்தார்கள். 1983இல் வந்த டேண்டி டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினி நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், 40 எழுத்து அகலத்தில் 8 வரி திரை, உள்ளேயே 300 பாட் மோடம். விநாடிக்கு 30 எழுத்துதான் போகும், ஆனால் 5,000 எழுத்துச் செய்தி மூன்று நிமிஷத்துக்குள் பத்திரிகை அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடும், அதற்கு மேல் என்ன வேண்டும். ஜப்பானில் கதை வேறு, அங்கே சாம்பல் நிறப் பொதுத் தொலைபேசிகளில் கணினி செருக ஜாக்கே வைத்திருந்தார்கள்.

கடைசியில் சுவரை ஒழித்தது ஜிஎஸ்எம் மொபைல் போன். லேப்டாப்பின் இன்ஃப்ராரெட் கண்ணுக்கு எதிரே போனை வைத்தால் 9.6 கிலோபிட்டில் இணைப்பு. மேஜையில் கை பட்டுப் போன் நகர்ந்தால் கட்டாகும், ரோமிங் பில்லும் கொள்ளைதான், ஆனாலும் ஸ்க்ரூடிரைவர் வேண்டாமே! மெயில் மட்டும் போதும் என்றவர்கள் எந்தக் கணினியின் பிரவுசரிலும் மெயில் பார்க்க வைத்த ஹாட்மெயில் 1996இல் வந்த பிறகு லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு சைபர் கஃபேக்குப் போக ஆரம்பித்தார்கள்.

பழைய லேப்டாப் இருக்கிறது, இன்று முயன்று பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போது பல இடங்களில் லைன் இணையம் வழியாக வரும் விஓஐபி. அதில் ஒலியை அதிகம் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 கோடெக்கைத் தேர்ந்தெடுத்து, எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலேஷனை நிறுத்தி, மோடத்தின் வேகத்தை 14.4க்கு மேல் போகாமல் கட்டிப்போட்டால் பெரும்பாலும் பிடிக்கும். எதிர்முனையில் பதில் சொல்ல இன்னொரு மோடம் வேண்டும், அதற்கு நண்பர் ஒருவரைப் பிடியுங்கள்.