குக்கி இருக்கட்டும், படிவத்தைப் பாருங்கள்!

அரசு இணையதளங்களில் நாம் கொடுக்கும் விவரங்கள் எங்கே போகின்றன, அந்தத் தளங்கள் ‘குக்கி’ என்ற பெயரில் நம் பிரவுசரில் என்ன வைக்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

அரசுத் தளங்களின் அடியில் இருக்கும் ‘தனியுரிமைக் கொள்கை’யைத் திறந்தால், ‘உங்கள் பெயர், போன் நம்பர் எதையும் இத்தளம் தானாகச் சேகரிப்பதில்லை’ என்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் குடும்பத்தின் ஜாதகத்தையே கேட்கிறார்கள். எதை நம்புவது?
– ஈரோடு வாசகி

இரண்டும் உண்மைதான். அந்தக் கொள்கைப் பக்கம் பேசுவது, தளத்தை வந்து பார்த்துவிட்டுப் போகிறவரைப் பற்றி. உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்), எந்த பிரவுசர், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்பவை சர்வரின் (தளம் இயங்கும் கணினியின்) பதிவேட்டில் விழும். தளத்தைத் தாக்கும் முயற்சி தெரியவந்தால் ஒழிய, அந்த முகவரி யாருடையது என்று தேட மாட்டோம் என்பதுதான் அவர்கள் தரும் உறுதி. இந்தப் பதிவேட்டை 180 நாட்களுக்கு இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அது அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும்.

பல துறைகளின் தளங்களில் இதே வாசகம் வரி பிசகாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் (முதல் பதிப்பு 2009, மூன்றாவது 2023) இப்படி ஒரு பக்கம் இருந்தாக வேண்டும் என்கின்றன. ஒரு மாதிரி வாசகம் கிடைத்தது, எல்லோரும் அதையே ஒட்டிவிட்டார்கள்.

நீங்கள் படிவத்தில் நிரப்புவது இதற்குள் வராது. அது விண்ணப்பத் தரவுத்தளத்துக்குப் போகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று வரிசையாக அதைத் திறந்து பார்ப்பார்கள், பார்த்தால்தான் சான்றிதழ் வரும். ஆகவே படிக்க வேண்டியது, ‘சமர்ப்பி’ பொத்தானுக்கு மேலே சின்ன எழுத்தில் இருக்கும் ஒப்புதல் வாசகத்தை. விவரம் எதற்காக, வேறு எந்தத் துறைக்குப் பகிரப்படும், ஆதார் கட்டாயமா விருப்பமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். சிவப்பு நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடலாம். நம்மில் பலர் பரீட்சைத் தாள் போல ஒரு கட்டம் விடாமல் நிரப்புகிறோம்!

இதைவிட அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று உண்டு. சேவை மையத்தில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று, மொபைல் எண் கட்டத்தில் அங்கிருப்பவர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். ஓடிபி உடனே கிடைக்கும், பதிவும் முடியும். ஆனால் உங்கள் பெயரில் உருவான கேன் எண் (சான்றிதழ் சேவைகளுக்காக ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதிவு எண்) அவருடைய மொபைலோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த சான்றிதழுக்கான ஓடிபியும், விண்ணப்பத்தின் நிலை பற்றிய எஸ்எம்எஸ்ஸும் அவருக்கே போகும். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், போனைக் கையோடு கொண்டுபோங்கள்.

குக்கி என்பது வைரஸ் மாதிரி ஒரு புரோகிராமா? ஒரு அரசுத் தளத்திலேயே ‘குக்கி என்பது ஒரு மென்பொருள் குறியீடு’ என்று போட்டிருக்கிறார்கள்.
– விருதுநகர் வாசகர்

அந்த வரி தவறு. குக்கி, தளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் வெறும் எழுத்துத் துணுக்கு, அதிகம் போனால் சுமார் 4 கேபி. அது தானாக ஓடாது, உங்கள் ஃபைல்களைத் திறக்காது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனதும் ‘நீ யார்?’ என்று மறந்துபோகும் இணையத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது.

சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனில் எண் மட்டும்தான், வண்டி உள்ளே நிற்கிறது. அரசுத் தளத்தின் லாகின் குக்கியிலும் பொதுவாக ஒரு நீண்ட எண் மட்டுமே இருக்கும், உங்கள் பெயரும் விலாசமும் சர்வரில் இருக்கின்றன. ஆனால் டோக்கனைத் திருடியவன் வண்டியை எடுத்துப் போக முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதியில், இடப்பக்கம் ‘குக்கீஸ்’. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய தளமானால் ‘ஜேசெஷன்ஐடி’, பிஎச்பி என்ற மொழி என்றால் ‘பிஎச்பிசெஸ்ஐடி’ என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதே வரிசையில் ‘செக்யூர்’, ‘எச்டிடிபி ஒன்லி’ என்ற இரண்டு பத்திகளிலும் டிக் இருந்தால் நல்லது. முதலாவது, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாத இணைப்பில் குக்கி போகாமல் தடுக்கும். இரண்டாவது, பக்கத்துக்குள் யாராவது நுழைத்துவிட்ட ஸ்கிரிப்ட் (சிறு புரோகிராம்) அதைப் படிக்காமல் தடுக்கும். காலாவதி என்ற இடத்தில் ‘செஷன்’ என்றிருந்தால் பிரவுசரை மூடியதும் போய்விடும். ஆனால் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்று குரோமில் அமைத்து வைத்திருந்தால் அதுவும் திரும்பி வந்துவிடும். பொதுக் கம்ப்யூட்டரில் மூடினால் போதும் என்று நம்பாமல் லாக்-அவுட் செய்யச் சொல்வது இதனால்தான்.

‘_ஜிஏ’ என்று தொடங்கும் குக்கி தென்பட்டால் அது கூகுள் அனலிட்டிக்ஸ், வருகையாளர்களை எண்ணுவதற்கானது. அது கேட்கும் ஆயுள் இரண்டு ஆண்டு. குரோம் எந்தக் குக்கிக்கும் 400 நாட்களுக்கு மேல் கொடுப்பதில்லை, ஆப்பிளின் சஃபாரி இந்த வகைக்கு 7 நாள்தான் தருகிறது. கொள்கைப் பக்கத்தில் ‘இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துவதில்லை’ என்று எழுதிவிட்டு உள்ளே இது இருந்தால், எழுதியவருக்கும் தளத்தை நடத்துபவருக்கும் தொடர்பில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு அரசுத் தளத்துக்கும் ‘வெப் இன்ஃபர்மேஷன் மேனேஜர்’ என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் மின்னஞ்சலும் தளத்தில் இருக்க வேண்டும். அவருக்கு எழுதலாம்.

கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது ‘செஷன் எக்ஸ்பயர்ட்’ என்கிறது. கணக்கில் பணம் போய்விட்டது, ரசீது இல்லை. இரண்டு முறை இப்படி ஆனது. ஏன்?
– மதுரை வாசகர்

காரணம் பல, ஆனால் குக்கிதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. நீங்கள் ‘பணம் செலுத்து’ என்று அழுத்தியதும் அரசுத் தளத்தை விட்டு, பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே தளத்துக்குப் போகிறீர்கள். முடிந்ததும் அந்தத் தளம் உங்களை, படிவத்தைச் சமர்ப்பிப்பது போன்ற ‘போஸ்ட்’ என்ற முறையில் திருப்பி அனுப்புகிறது. 2020 பிப்ரவரியில் தொடங்கி குரோம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ என்ற குறிப்பு இல்லாத குக்கிகளை ‘லாக்ஸ்’ வகையாக எடுத்துக்கொள்ளும். வேறு தளத்திலிருந்து ‘போஸ்ட்’ முறையில் திரும்பும்போது அந்த வகைக் குக்கி உங்களுடன் வராது. டோக்கன் இல்லாமல் வந்து நிற்கும் உங்களை அரசுத் தளத்துக்கு அடையாளம் தெரியாது. உடனே ‘எக்ஸ்பயர்ட்’.

சில சமயம் மட்டும் ஒழுங்காக வேலை செய்வதற்கும் விளக்கம் உண்டு. குறிப்பு இல்லாத குக்கி வைக்கப்பட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை என்றால் குரோம் அதையும் உடன் அனுப்பிவிடும். சீக்கிரம் கட்டியவருக்கு ரசீது வரும், ஓடிபிக்காகக் காத்திருந்தவருக்கு வராது. தளத்தை எழுதியவர்கள் ஒரு வரியில் சரிசெய்யக்கூடியது இது.

இன்னொரு காரணம், ஒரே தளத்தை இரண்டு டேபில் திறந்து வைப்பது. படிவத்தோடு ஒரு ரகசிய எண்ணும் போகும். இரண்டாவது டேபைத் திறந்ததும் பல தளங்களில் முதல் டேபின் எண் செல்லாமல் போகிறது. ‘பேக்’ பொத்தான் அழுத்தினாலும் இதே கதை.

இனி செய்ய வேண்டியது: ஒரே டேப், இன்காக்னிட்டோ (மறைநிலை) வேண்டாம், பேக் வேண்டாம். இணைக்க வேண்டிய ஃபைல்களைத் தளம் சொல்லும் அளவுக்குள் சுருக்கி வைத்துவிட்டு உட்காருங்கள். வங்கியின் ஓடிபி வரும் போன் கையில் இருக்கட்டும்.

பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள், அவசரத்தில் பலர் செய்வது அதுதான். வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் லாகின் செய்து ‘பேமென்ட் ஹிஸ்டரி’ அல்லது ‘வெரிஃபை’ என்பதைத் தேடுங்கள். உங்கள் பிரவுசர் தொலைத்தாலும் கேட்வே சர்வரும் அரசு சர்வரும் பின்னர் நேரடியாகக் கணக்குப் பார்த்துக்கொள்வது வழக்கம், மறுநாள் ரசீது தோன்றிவிடுவதுண்டு. யுபிஐயில் பணம் கழிந்து எதிர்த்தரப்புக்கு உறுதி கிடைக்கவில்லை என்றால், அந்த நாள் போக 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. துறையின் கணக்குக்குப் பணம் சேர்ந்துவிட்டால் இது பொருந்தாது, துறையிடம்தான் ரீஃபண்ட் கேட்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் ஆதாரை டவுன்லோட் செய்து பிரின்ட் எடுத்தேன். குக்கியை அழித்தால் போதுமா?
– தஞ்சாவூர் வாசகி

போதாது. அங்கே உங்களுக்கு ஆபத்து குக்கியால் இல்லை, ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் கிடக்கும் பிடிஎஃப் ஃபைலால். பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. எதிரே உட்கார்ந்திருக்கும் நபருக்கு உங்கள் பெயர் தெரியும், சொல்லிக்கொண்டே டைப் செய்தீர்கள் என்றால் ஆண்டும் தெரியும்.

இன்காக்னிட்டோவில் திறந்திருந்தால் மூடும்போது குக்கி போய்விடும், டவுன்லோட் ஆன ஃபைல் போகாது. அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கும். வாட்ஸ்அப்பில் மையத்தின் எண்ணுக்கு அனுப்பி பிரின்ட் எடுத்திருந்தால் அந்த உரையாடலில் ‘எல்லோருக்கும் அழி’ கொடுங்கள். அவர் ஏற்கெனவே சேமித்த நகலை அது எடுக்காது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டபோது ‘சரி’ கொடுத்தீர்களா என்பதையும் அமைப்புகளில் பாருங்கள்.

அடுத்த முறை டவுன்லோட் செய்யும்போதே ‘மாஸ்க்ட் ஆதார்’ கட்டத்தை டிக் செய்யுங்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். ஆதார் எண் கேட்கும் பல இடங்களில் அதற்குப் பதில் 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணைக் கொடுக்கலாம், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். கைரேகை, கருவிழியைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை ஆதார் தளத்தில் 6 மாதம் வரை, 50 பதிவுகள் வரை பார்க்கலாம். நீங்கள் செய்யாதது ஏதேனும் இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்கு அழையுங்கள்.

லண்டனில் இருக்கும் மகள் அங்குள்ள அரசுத் தளம் குக்கிக்கு அனுமதி கேட்கிறது என்கிறாள். இங்கே ஏன் கேட்பதில்லை?
– கும்பகோணம் வாசகர்

அங்கே சட்டம் கேட்கச் சொல்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆணையிலிருந்து வந்த விதி அது. லாகினுக்கு அவசியமான குக்கிக்கு அனுமதி தேவையில்லை, மற்றவற்றுக்குத்தான் பொதுவாகத் தேவை. ‘வேண்டாம்’ என்று சொன்னதை ஞாபகம் வைக்கவும் ஒரு குக்கி வைப்பார்கள்! இந்தியாவில் குக்கிக்கென்று தனிச் சட்டம் இல்லை.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதாமே. என் பழைய விண்ணப்பங்களை அழிக்கும்படி அரசைக் கேட்கலாமா?
– சேலம் வாசகி

கேட்கலாம், அழிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமை என்று நல்ல அம்சங்கள் உண்டு. ஆனால் பிரிவு 7 மானியம், சான்றிதழ், உரிமம் போன்றவற்றுக்கு உங்கள் ஒப்புதல் இல்லாமலே விவரத்தைக் கையாள அரசுக்கு வழி தருகிறது. அழிக்கும் கடமையிலிருந்து பிரிவு 17 அரசை விடுவிக்கிறது. தனியார் கம்பெனியிடம் பேசும் பலம் குடிமகனுக்கு அரசிடம் இல்லை என்பதுதான் இதன் சாரம், எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள், எந்தெந்தத் துறைக்குப் பகிர்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பொதுவாகக் கேட்காமல் சேவையின் பெயர், தளத்தின் பெயர், ‘தக்கவைக்கும் காலம் குறித்த அரசாணையின் நகல்’ என்று குறிப்பாகக் கேளுங்கள், தட்டிக்கழிப்பது கடினம்.

போலித் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– திருநெல்வேலி வாசகர்

முகவரியின் தொடக்கத்தில் உள்ள ‘எச்டிடிபிஎஸ்://’ என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிந்தால் அரசுக்குக் கொடுக்கப்பட்டது. நடுவில் அது வந்து கடைசியில் ‘டாட் காம்’ என்று முடிந்தால் வேறு யாரோ. பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள், போலித் தளத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்கும். இந்த விதிக்கு விலக்குகளை நம் துறைகளே உண்டாக்கி வைத்திருக்கின்றன: ரயில் டிக்கெட் தளம் ‘டாட் சிஓ டாட் இன்’, தமிழ்நாட்டு மின்கட்டணத் தளமான டிஎன்இபிநெட் ‘டாட் ஓஆர்ஜி’. இவற்றைக் கூகுளில் ஒவ்வொரு முறையும் தேடாமல் ஒரு முறை சரிபார்த்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். ஏமாந்து பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், பரிவர்த்தனை எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் கையில் இருக்கட்டும்.